மரக்காலும் மின்னணுத் தராசும்

எங்கள் வீட்டுப் பரணில் இன்னும் ஒரு மரக்கால் கிடக்கிறது. தாத்தா காலத்தில் களத்து நெல் முழுக்க அதில்தான் அளந்தார்கள். முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று எண்ண மாட்டார்கள், ‘லாபம்’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். 12 மரக்கால் ஒரு கலம், ரெண்டு கலம் ஒரு மூட்டை. திருநள்ளாறு, நெடுங்காடு பக்கம் வயசானவங்க இன்றைக்கும் “மாவுக்கு எத்தனை கலம் கண்டுச்சு?” என்றுதான் கேட்பார்கள். மா என்பது ஏக்கரில் மூணில் ஒரு பங்கு. பட்டணத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன்.

அண்ணன் மகன் ஒன்பதாவது படிக்கிறான். நிறை, எடை, அடர்த்தி, ஈர்ப்பு விசை என்று நாலு வரையறையையும் உருப்போட்டுக்கொண்டிருந்தவன் திடீரென்று, “சித்தப்பா, நிறையும் எடையும் ஒண்ணுதானே? ரெண்டையும் கிலோவுலதானே சொல்றோம்? அப்புறம் எதுக்கு ரெண்டு பேரு?” என்றான். நல்ல கேள்வி. நெல் விற்கிறவனுக்கு இந்த வித்தியாசம் பரீட்சை மார்க் இல்லை, காசு.

மரக்காலில் இருந்தே சொன்னேன். மரக்கால் அளப்பது பருமனை மட்டும்தான், எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதை. கெட்டி நெல்லும் கருக்காயும் அதற்கு ஒன்றுதான். நெல் மணிகளுக்கு நடுவில் காற்றும் உட்கார்ந்திருக்கும். ஒரு லிட்டர் டப்பாவில் நெல்லை நிரப்பி நிறுத்தால் அரைக்கிலோவுக்குக் கொஞ்சம் மேலேதான் வரும். அதே டப்பாவைத் தரையில் ரெண்டு தட்டு தட்டினால் மட்டம் இறங்கும், இன்னொரு கை நெல் பிடிக்கும். குலுக்கி அளப்பது, குவித்து அளப்பது, தலை வழித்து அளப்பது என்று விதவிதமாக இருந்ததெல்லாம் இதனால்தான். குத்தகை நெல்லை வாங்கும்போது குவித்தும், கூலி நெல்லைக் கொடுக்கும்போது வழித்தும் அளந்த வீடுகளைப் பற்றித் தாத்தா நிறைய சொல்லியிருக்கிறார். மரக்கால் ஒன்றுதான், ஆனால் அளக்கிற கை வேறு.

அடுத்தது நிறை. ஒரு பொருளில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பது. அதைக் கிலோவில் சொல்கிறோம். எடை என்பது அந்தச் சரக்கைப் பூமி இழுக்கிற விசை. அதன் அலகு நியூட்டன். நீங்கள் கடையில் வாங்குகிற அரிசிப் பையில் ‘நிகர எடை 25 கிலோ’ என்று அச்சடித்திருப்பார்கள். பள்ளிக்கூடக் கணக்குப்படி அது நிகர நிறை. எடை என்றால் நம்ம ஊரில் கிட்டத்தட்ட 245 நியூட்டன். அந்தப் பையைச் சந்திரனுக்குக் கொண்டுபோய்ச் சுருள்வில் தராசில் மாட்டினால் 4 கிலோவைச் சுற்றித்தான் காட்டும். ஆனால் உலையில் போட்டால் அதே தலைகளுக்குச் சோறு வரும். “அப்ப சாப்பாட்டுக்கு நிறைதான், தூக்குற தோளுக்கு எடை”ன்னான் பையன். மூட்டை தூக்கிப் பழகாதவன் சொன்னாலும் சரியாகத்தான் சொன்னான்.

சந்திரன் வரை போக வேண்டாம், பூமியிலேயே இழுப்பு இடத்துக்கு இடம் மாறும். இதை முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு ஊசல் கடிகாரம். 1672-ல் ஜான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர், பாரீசில் சரியாக ஓடிய கடிகாரத்தைத் தென் அமெரிக்காவில் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிற கயேன் என்ற ஊருக்குக் கொண்டுபோனார். அங்கே அது ஒரு நாளைக்கு ரெண்டரை நிமிஷம் பின்தங்கியது. ஊசலைக் கொஞ்சம் குட்டையாக்கிய பிறகுதான் சரியாச்சு. பூமி சுழல்கிறது, நடுவில் கொஞ்சம் புடைத்தும் இருக்கிறது, அதனால் அங்கே இழுப்பு குறைவு என்று 1687-ல் நியூட்டன் விளக்கினார். கயேன் பிரெஞ்சுக்காரர்களின் குடியேற்றம். 1739-ல் காரைக்காலுக்கும் வந்து, 1954 வரை இங்கே இருந்தார்கள். கிலோகிராம் பிறந்ததும் அவர்கள் தேசத்தில்தான். ஒரு லிட்டர் தண்ணீரின் நிறையை வைத்து 1799-ல் முதல் படிக்கல்லைச் செய்தார்கள். கிலோவைக் கண்டுபிடித்தவர்கள் ஆண்ட ஊரில் எங்கள் தாத்தா கடைசி வரை கலத்தில்தான் கணக்குப் பார்த்தார் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

காரைக்காலும் பூமத்திய ரேகைக்குக் கிட்டத்தில்தான் இருக்கிறது, சுமார் 11 டிகிரி. பாரீசில் சரிபார்த்த சுருள்வில் தராசை இங்கே கொண்டுவந்து 100 கிலோ நெல்லைத் தொங்கவிட்டால் கால் கிலோவுக்கு மேல் குறைத்துக் காட்டும். ரெண்டு தட்டு உள்ள பழைய தராசில் இந்தக் கோளாறு இல்லை. ஒரு தட்டில் நெல், இன்னொன்றில் படிக்கல், பூமி ரெண்டையும் ஒரே மாதிரிதான் இழுக்கும். இப்போது யாவாரிகள் கொண்டுவருகிற மின்னணுத் தராசு விசையைத்தான் உணர்கிறது, அதைக் கிலோவாக மாற்றிக் காட்டுகிறது. அதனால் புழங்குகிற ஊரில் படிக்கல் வைத்துச் சரிபார்த்து, வருஷா வருஷம் முத்திரை வாங்க வேண்டும். சிவப்பு எழுத்தில் எண் மின்னுகிறது என்பதற்காக யாரும் நம்பிவிட வேண்டியதில்லை. என் வழக்கம், ஒரு 20 கிலோ படிக்கல்லை முதலில் மேலே வைத்துப் பார்ப்பேன். சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

அடர்த்திக்கு வருகிறேன். எனக்குப் பிடித்தது இதுதான். விதை நெல் தேற உப்புக் கரைசல் போடுவோம். பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு முட்டையைப் போட்டால் அடியில் போய்ப் படுக்கும். உப்பைக் கரைத்துக்கொண்டே போனால் தண்ணீரின் அடர்த்தி ஏறும், ஒன்றரைக் கிலோ போல கரைந்ததும் முட்டை எழும்பி, எட்டணாக் காசு அகலத்துக்குத் தலை காட்டும். அதுதான் பதம். அதில் விதையைக் கொட்டினால் பதரும் அரைவயிறு மணியும் மிதக்கும், அள்ளிக் கோழிக்குப் போட்டுவிடலாம். கெட்டி மணி அடியில் நிற்கும். அதை ரெண்டு மூணு தண்ணீரில் உப்புப் போக அலசிவிட வேண்டும், இல்லையென்றால் முளைப்பு கெடும். முட்டை புதுசாக இருக்க வேண்டும். பழைய முட்டையில் உள்ளே காற்று சேர்ந்திருக்கும், அது வெறும் தண்ணீரிலேயே மிதந்து பொய் சொல்லும். “கடல் தண்ணியே உப்புத்தானே, ஒரு குடம் மொண்டுக்கிட்டு வந்தா போதாதா?” என்று கேட்டான் பையன். போதாது. கடல் நீர் ஒரு லிட்டர் 1,025 கிராம் சுமார்தான். நம்ம கரைசல் 1,100 கிராமை நெருங்க வேண்டும். புது முட்டை காரைக்கால் கடலில் முங்கிப்போகும்.

களத்தில் தூற்றுவதும் பதர் பிரிக்கிற வேலைதான், ஆனால் அங்கே பிரித்துக்கொடுப்பது காற்று. காற்றே இல்லாவிட்டால் மணியும் பதரும் ஒன்றாகத்தான் விழும். 1971-ல் அப்பல்லோ 15-ல் போன டேவிட் ஸ்காட் சந்திரனில் ஒரு சுத்தியலையும் ஒரு இறகையும் ஒரே நேரத்தில் விட்டார், ரெண்டும் சேர்ந்தே தரை தொட்டன. சந்திரனில் நெல் தூற்ற முடியாது. பையனுக்கு இது ரொம்பப் பிடித்துப்போய் ரெண்டு நாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

இதெல்லாம் தெரிந்தாலும் விற்கும்போது ஒரு இடத்தில் மாட்டிக்கொள்வோம். ஈரம். அரசுக் கொள்முதலில் 17 சதவீதம் வரைதான் வழக்கமான வரம்பு. சம்பா அறுப்பு தை, மாசியில். விடியற்காலைப் பனியும் கடற்காற்றும் சேர்ந்தால் மிஷினில் அறுத்த நெல் 22 காட்டுவது சாதாரணம். அந்த 100 கிலோவில் காய்ந்த சரக்கு 78 கிலோ, பாக்கி தண்ணீர். காயவைத்து 17-க்குக் கொண்டுவந்தால் 78-ஐ 0.83-ஆல் வகுக்க வேண்டும், 94 கிலோ. ஆறு கிலோ ஆவியாய்ப் போய்விட்டது. ஈர்ப்பு மாறவில்லை, நிறையே குறைந்துவிட்டது. அந்த ஆறு கிலோ தண்ணீருக்குக் காசு கேட்பது நியாயமில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் காய்ந்த நெல்லைக் கொண்டுபோனாலும் ‘ஈரக் கழிவு’ என்று மூட்டைக்கு ரெண்டு கிலோ தள்ளுகிற யாவாரி இருக்கிறாரே, அவர் தள்ளுவது தண்ணீர் இல்லை, அரிசி. அதனால் ஈரமானி எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்கிறேன். இல்லை என்றால் கழிவும் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ஒருவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார், அடுத்தவர் ஈரமானியோடு வந்தார்.

இந்த வருஷ நெல் இப்போது வாசலில் காய்கிறது. பையன் பாடப் புத்தகத்தோடு காக்கா ஓட்டிக்கொண்டிருக்கிறான். காலையில் பார்த்தபோது 18.5. நாளைக்கும் இதே வெயில் அடித்தால் மறுநாள் மூட்டை பிடித்துவிடலாம்.