எந்த எஞ்சினுக்குப் பந்தயம்?

பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் வளர்ந்தவர்களுக்குப் பைக் பந்தயம் என்றால் செட்டிபாளையம்தான். சோதனைச் சாவடியைத் தாண்டினால் கோவை மாவட்டம். 1995-இல் விமான விபத்தில் மறைந்த பந்தய வீரர் கரிவரதனின் பெயரில் 2003-இல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே அங்கே இருக்கிறது. சுற்று 2.1 கிலோமீட்டர். வேலியோரம் நிற்கும் பையன்கள் யார் ஜெயிப்பார் என்று பேசிக்கொள்வார்கள். யார் போட்டியில் இறங்கவே முடியும் என்பதை முன்கூட்டியே தீர்மானிப்பது விதிப்புத்தகத்தில் இருக்கும் ஒரு வரி: இந்தப் பிரிவுக்கு எத்தனை சிசி, எந்த வகை எஞ்சின், எதையெல்லாம் மாற்றலாம்.

சிசி மட்டும் நியாயமான அளவுகோல் இல்லை என்பதை எங்கள் ஊர்ப் பட்டறையில்தான் கற்றேன். யமஹா ஆர்எக்ஸ் 100-இன் சிலிண்டரைக் கழற்றி, போர்ட்டின் விளிம்பில் படிந்த கரியைச் சுரண்டிக்கொண்டே மெக்கானிக் அண்ணன் சொல்வார்: “சிசியை மட்டும் பாத்தா ஆகாது தம்பி. எத்தனை சுத்துக்கு ஒருதடவை வெடிக்குதுன்னு பாக்கணும்.” டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒருமுறை வெடிக்கும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான். 1985-இல் வந்த டூ ஸ்ட்ரோக் ஆர்எக்ஸ் 100-க்கு போர் (சிலிண்டரின் விட்டம்) 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) 50. ஆக 98 சிசி, 11 குதிரைத்திறன். 2008-இல் வந்த யமஹாவின் ஃபோர் ஸ்ட்ரோக் ஆர்15-க்கு போர் 57, ஸ்ட்ரோக் 58.7, ஆக 149.8 சிசி, 17 குதிரைத்திறன். ஒரு சிசிக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் இரண்டும் ஏறக்குறைய சமம். காற்றிலேயே குளிர்ந்த அந்தப் பழைய எஞ்சினைப் பிடிக்கப் புதியதற்குத் தண்ணீர்க் குளிர்விப்பும் நான்கு வால்வும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனும் தேவைப்பட்டன.

உலகப் போட்டிகளும் இந்தக் கணக்கோடு மல்லுக்கட்டியவைதான். 2002-இல் மோட்டோஜிபி வந்தபோது 500 சிசி டூ ஸ்ட்ரோக்குக்கு எதிராக ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு 990 சிசி கொடுத்தார்கள். 2012-இல் 125 சிசி டூ ஸ்ட்ரோக் பிரிவை எடுத்துவிட்டு, 250 சிசி ஒற்றை சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக்கை மோட்டோ3 என்று வைத்தார்கள். சூப்பர்பைக் போட்டியில் 1988 முதல் நான்கு சிலிண்டருக்கு 750 சிசி, இரண்டு சிலிண்டருக்கு 1000 சிசி என்று விதி இருந்தது. அந்த விதி டுகாட்டிக்குக் கைகொடுத்தது. நான்கு சிலிண்டரில் கைதேர்ந்த ஹோண்டாவே கடைசியில் இரண்டு சிலிண்டர் வண்டி செய்து 2000-இல் பட்டம் வாங்கியது. விதி எப்படியோ அப்படித்தான் வண்டியும் அமைகிறது. 2010-இல் தொடங்கிய மோட்டோ2-வில் எல்லோருக்கும் ஒரே ஹோண்டா 600 எஞ்சின். 2019 முதல் ட்ரையம்ஃப் 765. எஞ்சினில் கொட்டும் பணத்துக்கு அங்கே வேலை இல்லை.

நம் தேசியப் போட்டியில் 165 சிசி பிரிவும், 301 முதல் 400 சிசி வரையிலான பிரிவும் இருக்கின்றன. புதிதாக வருகிறவர்களுக்கும் பெண்களுக்கும் 165-இலேயே தனிப் பிரிவுகள் உண்டு. எனக்கு இதில் மிகவும் பிடித்தது 165தான். காரணம் எளியது. அது நம் தெருவில் ஓடும் வண்டி. பிஸ்டன் போனால் சித்தூர் கடையிலோ பொள்ளாச்சியிலோ கிடைக்கும். ஒரே ஒரு சிலிண்டர் என்பதால் செலவும் ஒன்றோடு நிற்கும். சந்தேகம் வந்தால் எஞ்சினைப் பிரித்து, போரையும் ஸ்ட்ரோக்கையும் அளந்து, ஏமாற்று உண்டா இல்லையா என்று அன்றைக்கே சொல்லிவிடலாம்.

இடுக்கியிலும் சின்ன எஞ்சின்தான். மூணாறிலிருந்து போடிமெட்டு வழியாக இறங்கும் கொண்டை ஊசி வளைவுகளில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் சின்ன எஞ்சினை எந்தக் கியரில் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று தெரிந்தே வளர்கிறார்கள். அந்தத் திறமைக்குப் பந்தயப் பாதை கிடைக்காதபோது அது பொதுச்சாலையில், எதிரே பஸ் வரும் வளைவில், உயிரைப் பணயம் வைக்கிறது. தோட்டக் கூலியில் வாழும் வீட்டுக்கு 400 சிசி பந்தய வண்டி எட்டாது. 165 எட்டலாம்.

வயதும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். 2023 ஆகஸ்டில் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதையில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் பந்தயத்தில் உயிரிழந்தான். சிறுவர் பிரிவுக்கு எஞ்சினைத் தேர்ந்தெடுப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த வயது தாங்கக்கூடிய வேகமும் எடையும்தான். விளம்பரமும் பார்வையாளர் கூட்டமும் அதற்குப் பிறகு.

ஒரே கம்பெனி வண்டிக்கான பந்தயங்கள் நல்லவைதான். பலர் அவற்றில்தான் வளர்ந்தார்கள். ஆனால் கம்பெனி கையை எடுத்துவிட்டால் அந்தப் படிக்கட்டே போய்விடும். அதனால் போட்டி நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: எந்தக் கம்பெனி வண்டியும் வரலாம் என்ற 165 சிசி ஒற்றை சிலிண்டர் பிரிவை எப்போதும் வைத்திருங்கள். கடையில் வந்தபடியே எஞ்சின், எல்லோருக்கும் ஒரே டயர் என்று விதியை இறுக்குங்கள். பெரிய எஞ்சின்கள் அதற்கு மேல் எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும். அடிப்படியில் நிற்கும் வண்டி மட்டும் சாதாரண வீட்டுப் பிள்ளை வாங்கி, ஊர்ப் பட்டறையிலேயே பழுதுபார்க்கக்கூடிய வண்டியாக இருக்க வேண்டும்.