முதல் நாள் மாலைக்குப் பின்

பணி நிமித்தம் ஆரணியிலிருந்து வந்து, சந்திரகிரி ரயில் நிலையத்தில் எழுத்தராக இருக்கும் நான் வாணிபம் கற்றவன் அல்லன். ஆயினும், புதுத் தொழில் தொடங்கும் நம் பிள்ளைகளுக்குப் பயன்படக்கூடும் என்றெண்ணி, என் இல்லத்தில் நிகழ்ந்ததைச் சங்க அன்பர்கள் முன் வைக்கிறேன்.

சென்ற ஆண்டு என் தம்பி, முளைகட்டிய கேழ்வரகு மாவைக் கைபேசி வழியே விற்கும் நிறுவனமொன்றைத் திருப்பதியில் தொடங்கினான். என் சேமநிதியிலிருந்து 2 லட்ச ரூபாய் எடுத்துக் கொடுத்தேன். தொடக்க விழாவைத் தெலுங்கு நாளேடுகள் இரண்டு படத்துடன் வெளியிட்டன. ஒரு வாரம் தொலைபேசி ஓயவில்லை. மூன்றாம் மாதம் அது ஒலிக்கவேயில்லை.

"அண்ணா, நடிகர் ஒருவரை அழைத்து இன்னொரு விழா நடத்துவோம், இன்னும் ஒரு லட்சம் வேண்டும்" என்றான். என் மனைவி ஒன்றும் பேசாமல் மகளின் பள்ளிக் கட்டணச் சீட்டை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே சென்றாள்.

அன்றிரவு அவனுக்கு அமிர்தாஞ்சனத்தின் வரலாற்றைச் சொன்னேன். காசிநாதுனி நாகேசுவர ராவ் 1893இல் பம்பாயில் அதனைத் தொடங்கினார். இசைக் கச்சேரிக்கு வந்தோருக்கு விலையின்றி வழங்கி அதன் பெயரைப் பரப்பினார். தடவிப் பார்த்தோருக்குத் தலைவலி குறைந்ததனால் அப்பெயர் நிலைத்தது. 1936இல் அது பொதுப் பங்கு நிறுவனமாகவும் வளர்ந்தது. "புது வண்டிக்கு முதல் நாள் மாலையும் வாழைமரமும் உண்டு. மறுநாள் முதல் அது நேரத்துக்கு வருகிறதா என்றுதானே தம்பி ஊர் பார்க்கும்?" என்றேன்.

முதல் வாரத்தில் வாங்கிய 140 பேரையும் இருவருமாக அழைத்துக் கேட்டோம். மாவு நறநறக்கிறது என்றனர் பலர். தம்பியின் முகம் வாடிற்று. சல்லடையை மாற்றி, அனைவருக்கும் புதுப் பொட்டலம் விலையின்றி அனுப்பினான். செய்தியாளர்களிடம் கேழ்வரகின் விளைச்சல், விலை, மாவு அரைக்கும் பெண்களின் ஊதியம் என ஊருக்குப் பயன்படும் உண்மைச் செய்தி இருந்தபோது மட்டும் சென்றான்; அவர்கள் குறை கேட்டபோதும் அன்றே விடையளித்தான். எட்டு மாதங்களில் மூன்று செய்திகள் வெளிவந்தன. அந்த 140 பேரில் 60 பேர் இப்போது மாதந்தோறும் வாங்குகின்றனர்.

என் பணத்தில் இதுவரை 18,000 ரூபாய் திரும்பியிருக்கிறது. விழாப் படம் தொங்கிய இடத்தில் அந்த 60 பெயர்களைத் தம்பி ஒட்டி வைத்திருக்கிறான். அன்பர்களே, உங்கள் இல்லத்தில் தொழில் தொடங்கும் இளைஞர் இருப்பின், விழாச் செலவில் பாதியை அடுத்த பதினொரு மாதங்களுக்கென ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள்.