வளைந்த விளிம்பு

என் தாயார் உடுத்திய நூற்புடவைகள் ஐந்து எங்கள் வீட்டுப் பெட்டியில் நெடுநாள் மடித்தபடியே இருந்தன. சென்ற ஆண்டு என் மகளுக்குப் பெண்மகவு பிறந்தபோது, அவற்றை அடுக்கித் தைத்துக் குழந்தைக்கு விரிப்பு ஆக்கலாம் என்றாள் என் மனைவி. பலகால் துவைத்து மென்மை எய்திய பழந்துணி பச்சிளங்குழவியின் மேனிக்கு இதமானது; நம் நாட்டு மகளிர் இதனை வழிவழியாக அறிவர். நான்கு புடவைகளை அடுக்கி அவள் ஓட்டுத்தையல் இட்டு முடித்தாள். ஐந்தாவதாகிய அரக்குநிறப் புடவை இற்றுப்போயிருந்தது. அதில் தேறிய இரண்டு துண்டுகளை விளிம்புப் பட்டைக்கென ஒதுக்கினோம்.

விளிம்பு நேராக இருக்கட்டும் என்றாள் அவள். யானோ சிதம்பரத்தில் வளர்ந்தவன். ஆனித் திருமஞ்சனத்தின்போதும் மார்கழித் திருவாதிரையின்போதும் ஐந்து தேர்கள் நான்கு வீதிகளிலும் வரக் கண்டவன். தேர்ச்சீலைகளின் கீழ்விளிம்பு பிறை பிறையாக வளைந்து அசையும் அழகு என் கண்ணை விட்டு அகலாதது. அவ்வாறே இவ்விரிப்பும் அமைதல் வேண்டும் என்று பிடிவாதம் செய்தேன். உணவுத் தட்டைக் கவிழ்த்து வளைவுகள் வரைந்து, நானே கத்தரித்தேன். அரக்குத் துண்டுகளுள் ஒன்றை நேர்வாட்டில் கிழித்து, நானே தைக்கவும் தொடங்கினேன். சிலப்பதிகாரத்தில் வரும் ‘துன்னகாரர்’ என்னும் சொல்லுக்குத் தையற்காரர் என்று முப்பது ஆண்டு பொருள் சொன்னவன், ஊசி பிடித்தது அன்றுதான்!

பட்டை வளைவுக்கு இணங்கவில்லை. மேட்டில் இறுகி, விரிப்பைக் கிண்ணம்போல் குழித்தது. பள்ளத்தில் சுருக்கமாகத் திரண்டது. பிரித்துப் பிரித்துத் தைத்ததில் நைந்தே போயிற்று. தாயாரின் புடவையில் எஞ்சியது ஒன்றேகால் முழச் சதுரம் ஒன்றே. என் மனைவி ஒன்றும் பேசவில்லை. அது வசையினும் கொடிதாக இருந்தது.

மறுநாள் விரிப்பை எடுத்துக்கொண்டு கடலூருக்குப் புகைவண்டி ஏறினேன். மஞ்சக்குப்பத்தில் என் மகள் வீட்டுக்கு அருகே முதிய தையற்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் என் வேலைப்பாட்டைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அரக்குச் சதுரத்தை என் கையில் தந்து, “நேராகப் பிடித்து இழுங்கள், ஐயா” என்றார். இழுத்தேன், நீளவில்லை. “இனி மூலைக்கு மூலை பிடித்து இழுங்கள்” என்றார். துணி மெல்ல நெகிழ்ந்து நீண்டது. பாவு நீளவாட்டிலும் ஊடை குறுக்கிலும் ஓடுகின்றன. மூலைவாட்டில் இழுக்கும்போது இரண்டும் சாய்ந்து இடங்கொடுக்கின்றன. அவ்வாட்டில் வெட்டிய பட்டையே வளைவில் படியும். அதனைக் ‘கிராஸ் துண்டு’ என்பது கடைவழக்கு.

அவர் கத்தரியை எடுத்தபோது, என் கை தானே சென்று தடுத்தது. “அம்மாவின் புடவை” என்றேன். அவர் கத்தரியை வைத்துவிட்டு, செய்தித்தாளில் அதே அளவு சதுரம் வெட்டி, 2¼ அங்குல அகலத்தில் எத்தனை பட்டை தேறும் என்று கோடிட்டுக் காட்டினார். பிறகே துணியைத் தொட்டார்.

நான் வெட்டிய ஓரம் இழுபடாதிருக்க, முதலில் அதன்மீது ஒரு தையல் ஓட்டினார். பட்டையை நீளவாட்டில் இரண்டாக மடித்து, அதன் பிசிர் ஓரத்தை விரிப்பின் ஓரத்தோடு பொருத்தினார். மேட்டில் பட்டையை இழுக்காமல் சற்றுத் தளர விட்டார். இரு பிறைகள் கூடும் பள்ளத்தில் தையற்கோடு வரை சிறிது கத்தரித்து, அவ்விடத்தை நேராக்கித் தைத்தார். பின்புறம் மடித்துக் கையால் எம்மி முடிப்பது மட்டும் என் பங்காயிற்று. மூன்று மாலைகள் அவர் கடைப்பலகையில் அமர்ந்து அதனைச் செய்தேன். விரல் இரண்டு இடத்தில் குத்துப்பட்டது.

பட்டை ஒரு சாண் குறைந்தது. வேறு அரக்குத்துணி கடையில் இருந்தது. எனக்கு மனம் வரவில்லை. என் பழைய வேட்டியில் மூலைவாட்டாக ஒரு துண்டு வெட்டி இணைத்தோம். அரக்குப் பிறைகளுக்கு நடுவே ஒரு பிறை மட்டும் வெண்மையாக இருக்கிறது. பேத்தி தவழத் தொடங்கிவிட்டாள். விரிப்பில் விட்டால் அந்த வெள்ளைப் பிறையைத் தேடிச் சென்று வாயில் வைத்துக்கொள்கிறாள்.