ஒரு வோல்ட் வேறுபாடு

புனேயின் விடுதியொன்றில் ரேடியோ கட்டுப்பாட்டில் ஓடும் சிறு மின் டிரக்கை வைத்திருந்த ஆய்வு மாணவர் ஒருவருக்கு, அது ஓடும் நேரம் போதவில்லை. 5000 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள இரண்டு லித்தியம் பாலிமர் பேட்டரிகளைப் பக்க இணைப்பில் சேர்த்தால் மின்னழுத்தம் மாறாது, கொள்ளளவு இரட்டிக்கும். பாடநூல் சொல்வது சரியே. ஆனால் அவர் சேர்த்தபோது ஒன்று 8.4 வோல்ட்டில் நிறைந்திருந்தது, மற்றது 7.4 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தது. பொறி பறந்தது, இணைப்பானின் முனை கருகியது. மோட்டாரையோ இன்னும் இணைக்கவேயில்லை!

உள்மின்தடையும் கம்பியின் தடையும் சேர்ந்து 0.02 ஓம் என்று கொண்டால், அந்த ஒரு வோல்ட் வேறுபாடு 50 ஆம்பியரைச் செலுத்தும். அத்தகைய பேட்டரியை 5 ஆம்பியரில் மின்னேற்றுவதே வழக்கம். தேர்வுத்தாளில் இரு மின்கலங்களும் எப்போதும் சர்வசமம். அவ்வசதி மேசையில் கிடைப்பதில்லை. இப்போது அவர் இரண்டையும் தனித்தனியே முழுமையாக ஏற்றி, மல்டிமீட்டரில் அளந்த பிறகே இணைக்கிறார். அருகில் ஒரு மணல் வாளி. அறைத்தோழர் அதைக் கேலி செய்வதுண்டு, நகர்த்தி வைத்ததில்லை.