ஆற்று வாயில் மணல்

கொசஸ்தலை ஆறு எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், சிறுவயதில் நாங்கள் பூண்டி ஏரி என்போம். தப்புதான். 1944-இல் கட்டி முடித்த நீர்த்தேக்கத்துக்கு மேலேயும் ஆறு உண்டு. மழைக்காலத்தில் ஆந்திரத்தின் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்துவிட்டார்கள் என்ற சேதி வரும்போதுதான் எங்களுக்கு அது ஞாபகம் வரும். பூண்டிக்குப் பக்கத்தில்தான் அத்திரம்பாக்கம். ஆதிமனிதன் கல்லாயுதம் செய்த இடம். அப்புறம் தாமரைப்பாக்கம், வள்ளூர் அணைக்கட்டுகள். மணலி புதுநகர் தாண்டி, எண்ணூரில் முகத்துவாரம். அதுதான் என் ஊர்.

ஆயா அங்கே இறால் தடவுவாள். கழுத்தளவுத் தண்ணீரில் நின்று, பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, சேற்றில் கைவிட்டுத் துழாவுவாள். இறால் இருக்கும் இடம் காலுக்கே தெரியும் என்பாள்.

ஒரு மாசி மகத்தன்று முகத்துவாரம் அடைத்துக் கிடந்தது. எப்போதும் படகில் போகிற அக்கரைக்கு அன்று மணல்மேட்டிலேயே நடந்தோம். மேளம் முன்னால், சாமி பின்னால், மணல் சுடச்சுடப் பிள்ளைகள் நாங்கள். கடலில் சாமியை முழுக்காட்டிய பிறகும் எங்களுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடுவதிலேயே குஷி. ஆயா மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டாள். "ஆத்து வாய அடைச்சிக்கினா ஆறு எங்கடா போவும்? நம்ம வூட்டுக்குத்தான் வரும்" என்றாள். திருவிழா நாளில் இதென்ன பேச்சு என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள்.

2021 நவம்பரில் பூண்டியைத் திறந்தபோது மணலி புதுநகரில் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையோடு கச்சா எண்ணெயும் முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தது. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாவற்றிலும் வெள்ளம் நின்ற மட்டத்துக்குக் கறுப்புக் கோடு. ஆயா நின்ற இடங்கள் சிலவற்றில் இப்போது முழங்கால் ஆழம்கூட இல்லை. அடியில் சேறும் இல்லை, அனல்மின் சாம்பல்.

கடலின் கதை வேறல்ல. இந்தக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே போகும். 1875-இல் சென்னைத் துறைமுக வேலை தொடங்கி, குறுக்கே கல் விழுந்ததும் தெற்கே மெரினா கொழுத்தது. வடக்கே ராயபுரத்திலிருந்து எங்கள் பக்கம்வரை கடல் ஊரைத் தின்றது. கரையோரம் கல் கொட்டினார்கள். தூண்டில் வளைவு போட்டார்கள். ஒரு குப்பத்துக்குத் தூண்டில் வளைவு வந்தால் அதற்கு வடக்கே உள்ள குப்பத்துக்கு அரிப்பு. அவர்களும் மனுவோடு போவார்கள். அங்கேயும் கல் வரும். கல் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. வாசலில் அலை நிற்கும்போது வேறென்ன கேட்பது?

ஆனால் கணக்கைப் பாருங்கள். முகத்துவாரத்துக்கு வடக்கே 2001-இல் இன்னொரு துறைமுகம் திறந்தார்கள். அதன் அலைதடுப்புச் சுவருக்குத் தெற்கே மணல் தேங்குகிறது. ஆற்று வாயும் அங்கேதான் இருக்கிறது. தெற்குக் குப்பங்களில் மணல் இல்லாமல் வீடு போகிறது. முகத்துவாரத்தில் மணல் அடைத்து வெள்ளம் ஏறுகிறது. இரண்டுக்கும் தனித்தனிக் கோப்பு, தனித்தனி டெண்டர்.

கேட்பது பெரிதல்ல. வருஷாவருஷம் ஐப்பசி பிறக்குமுன் முகத்துவாரத்தைத் தூர்வாருங்கள். அள்ளுகிற மணலை லாரியில் எங்கேயோ அனுப்பாமல், தெற்கே அரித்துப்போன கரையிலேயே கொட்டுங்கள்.