எல்லாம் ஒன்லைன்

அக்கா என்ன வேலை செய்யிறா எண்டு கேட்டால் அம்மா சொல்லுற பதில்: "இரவிரவா ஸ்கிரீனைப் பாத்துக்கொண்டு இருக்கிறா." பிழையான விளக்கமில்லை. கொழும்பில ஒரு கம்பனி, வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருத்தரின்ர டெராடேட்டா தரவுத்தளம், அதைக் கண்காணிக்கிற நைட் ஷிஃப்ட். கலைப்பீடத்தில படிக்கிற எனக்கு இதில என்ன அலுவல் எண்டு கேக்கலாம். அக்கா லீவில வந்து நிண்ட கிழமை முழுக்க இதைத்தான் கதைச்சம்.

டெராடேட்டா 1979இல் அமெரிக்காவில தொடங்கினது. யோசனை லேசானது: பெரிய அட்டவணை ஒண்டை ஒரே இடத்தில வைக்காமல் பிரிச்சுக் குடுக்கிறது. பங்கு வாங்குற ஒவ்வொண்டும் 'அம்ப்' எண்ட ஒரு மெய்நிகர் செயலி. ஒரு இயந்திரத்துக்குள்ளயே பல அம்ப்கள் இருக்கும். அதது தன்ர பங்கை மட்டும்தான் வாசிக்கும். கேள்வி வந்தால் எல்லாம் ஒரே நேரத்தில தேடும். கடைசி அம்பும் முடிச்சாத்தான் விடை.

'வீப்ரொக் மனேஜர்' எண்டொரு கருவி இருக்கு. அதில 'ஸ்டேட்டஸ்' எண்டு அடிச்சால் ஒவ்வொரு செயலியின்ர நிலையும் வரிவரியா வரும். ஒன்லைன், ஒஃப்லைன், கடுமையான கோளாறு எண்டால் ஃபேட்டல், அது இருந்த இயந்திரமே வேலை செய்யேல்லை எண்டால் நோநோட். எத்தினை தரம் விழுந்தது எண்ட கணக்கும் பக்கத்தில இருக்கும். ஒரு அம்ப் விழுந்தால் உடன பதற வேண்டாமாம். அட்டவணைக்கு 'ஃபோல்பேக்' போட்டிருந்தால் ஒவ்வொரு நிரையின்ர பிரதியும் இன்னொரு அம்பில இருக்கும். விழுந்தது எழும்பும்வரைக்கும் நடக்கிற மாற்றங்களை மற்றவை குறிச்சு வைக்கும்.

அக்காவுக்குத் தலையிடி, விழாமல் நிக்கிற அம்ப்தான்.

எந்த நிரை எந்த அம்புக்குப் போகும் எண்டதை, தெரிஞ்செடுத்த நிரல் ஒண்டை வைச்சு ஒரு ஹாஷ் கணக்குத் தீர்மானிக்குது. ஒரே பெறுமதி எப்பவும் ஒரே அம்புக்கு. இலங்கையில அடையாள அட்டை வைச்சிருக்கிற எல்லாரின்ர அட்டவணையையும் மாவட்டத்தை வைச்சுப் பிரிச்சதா நினையுங்கோ. மாவட்டம் 25. அம்ப் 100 இருந்தால், குறைஞ்சது 75 சும்மா இருக்கும். கொழும்பு போய்ச் சேர்ந்த அம்ப் முறியும். அடையாள அட்டை இலக்கத்தை வைச்சிருந்தால் கிட்டத்தட்டச் சமனாப் பரவியிருக்கும். ஆனால் ஸ்டேட்டஸைப் பாத்தால் நூறும் ஒன்லைன். ஒன்லைனில இல்லாததை மட்டும் காட்டு எண்டு கேட்டால் ஒண்டும் வராது. (எங்கட குரூப் அசைன்மென்ட் வட்ஸ்அப் ஞாபகம் வந்தது. அஞ்சு பேரும் ஒன்லைன்.)

றிப்போர்ட் ஏன் பிந்துது எண்டு இரவு ரெண்டு மணிக்குக் கோல் வாறது அக்காவுக்கு. ஒவ்வொரு அம்பிலயும் அட்டவணை எவ்வளவு இடம் பிடிச்சிருக்கு எண்டு தனியா எடுத்துப் பாத்து, காரணத்தைக் கண்டுபிடிச்சா. நிரலை மாத்துறதெண்டால் அட்டவணையைப் புதுசாக் கட்டித் தரவைக் கொண்டுபோய்ப் போடவேணும். நைட் ஷிஃப்டுக்கு அந்த அதிகாரம் இல்லை. மேல மெயில் போட்டா. "நிலை எல்லாம் சரிதானே" எண்டு பதில் வந்ததாம். எனக்கு அந்தப் பதிலிலதான் கோவம். செயலி உயிரோட இருக்கு எண்டதுக்கு மேல அந்தச் சொல் ஒண்டுமே சொல்லேல்லையே.

ஷிஃப்ட் கைமாத்துற படிவத்தில நிலைக்கு மட்டும்தான் கட்டம். அக்கா இப்ப ஒவ்வொரு விடியவும் அதுக்குக் கீழ, ஆகக்கூடச் சுமந்த அம்பின்ர இலக்கத்தையும், சராசரியை விட எத்தினை மடங்கு சுமந்தது எண்டதையும் தன்ரபாட்டில எழுதிவிடுறா. மூண்டு கிழமையா அதே இலக்கம்தான்.