ஒத்த எழுத்தும் வேற்றுப் பொருளும்

சென்னை மாநகரின் வடபால், இராயபுரத்திற்கும் திருவொற்றியூருக்கும் இடையே அமைந்தது தண்டையார்பேட்டை. இதனைத் தொண்டியார்பேட்டை என்று எழுதுவாரும் உளர். தொண்டிப் பக்கத்திலிருந்து வந்து இப்பகுதியில் வாழ்ந்து மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபு என்னும் ஞானப் புலவரை மக்கள் தொண்டியார் என அழைத்தனர். அவரால் இவ்வூர் பெயர் பெற்றது என்பர். கேட்பதற்கு இனிய செய்திதான். ஆயின், 1693-ஆம் ஆண்டிலேயே எழும்பூர், புரசைவாக்கம் ஆகியவற்றோடு இவ்வூரும் ஆங்கிலக் கும்பெனியார்க்கு வழங்கப்பட்டது. புலவரோ அதற்கு ஏறத்தாழ நூறாண்டு கழித்துப் பிறந்தவர். முன்னரே வழங்கிய பெயரைப் பின்னர்ப் பிறந்தவர் எங்ஙனம் தந்திருத்தல் கூடும்? ஒலி ஒத்திருப்பின் உறவும் உண்டென்று கொள்ளுதல் மக்கள் இயல்பு போலும்!

ஆங்கிலேயரும் இவ்வியல்புக்கு விலக்கல்லர். தண்டையார்பேட்டையை அடுத்த காசிமேட்டுக் கரையில் நெடுங்காலம் வழங்கிய சொல் கட்டுமரம். சில மரத்துண்டுகளைக் கயிற்றால் இறுகப் பிணைப்பர். மரத்தைக் கட்டியதால் அது கட்டுமரம். பெயரில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. சென்னையில் செயற்கைத் துறைமுகம் அமையாத காலத்தில் கப்பல்கள் கரைக்கு வாரா; தொலைவிலே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். பெரிய படகுகளும் அஞ்சும் அலைவேளையில், மீனவர் தம் தொப்பிக்குள் கடிதங்களை நனையாமல் வைத்துக் கட்டுமரத்தில் கப்பலுக்குச் சென்று மீள்வர். அம்மரத்தையும் அதன் பெயரையும் வில்லியம் டாம்பியர் என்னும் கடலோடி 1697-இல் வெளியான தம் பயண நூலில் எழுதினார். அச்சொல் ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆயிற்று.

அங்கே அதற்கு நேர்ந்த கதி வியப்பானது. 1804-இல் நெப்போலியனின் படகுகளைத் தகர்க்க ஆங்கிலேயர் பூலோன் துறைமுகத்தில் மிதக்கவிட்ட வெடிமருந்துப் பெட்டிகளுக்குக் கேட்டமரான் என்று பெயர் வைத்தனர். பின்னர் 19-ஆம் நூற்றாண்டில், ஓயாது சண்டையிடும் பெண்ணையும் அச்சொல்லால் இகழ்ந்தனர். கட்டுமரத்திற்கும் சண்டைக்காரிக்கும் என்ன தொடர்பு? ஆங்கிலத்தில் 'கேட்டமௌண்டன்' என்ற பழஞ்சொல் ஒன்று உண்டு, காட்டுப்பூனையைக் குறிப்பது. இரண்டு சொற்களுக்கும் முதலில் நிற்கும் எழுத்துகள் 'கேட்', அதாவது பூனை என்பதன் எழுத்துகளே. அம்மயக்கத்தால் சீறும் பூனையின் குணம் மீனவர் மரத்தின் பெயர்மேல் ஏறியிருத்தல் வேண்டும் என்பது அறிஞர் கருத்து. அலையோடு போராடி உயிர் காத்த மரத்தின் பெயர் அயல்நாட்டில் வசைமொழியாயிற்று! இன்று அச்சொல் உலகெங்கும் இரட்டை உடல் கொண்ட படகையே குறிக்கின்றது. கட்டுகின்ற கயிறு அதில் இல்லை. காசிமேட்டிலும் இழைக்கண்ணாடிப் படகுகள் மிகுந்து, கட்டுமரம் அருகிவிட்டது.

எழுத்தில் சிறிதும் வேறுபாடின்றி ஒத்து நிற்கும் சொற்களோ இன்னும் ஏமாற்ற வல்லவை. 'கேஷ்' என்னும் ஆங்கிலச் சொல் ரொக்கப் பணத்தைக் குறிக்கும். தமிழ்க் காசுதான் அங்ஙனம் ஆயிற்று என்று பெருமையோடு சொல்வார் பலர். உண்மை அதுவன்று. ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ், பெட்டி என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளின் வழியே வந்தது. பணப்பெட்டியின் பெயர் பணத்துக்கு ஆயிற்று. நம் காசோ போர்ச்சுக்கீசியர் நாவில் திரிந்து, சிறு நாணயத்தைக் குறிக்கும் மற்றொரு 'கேஷ்' ஆக ஆங்கிலத்தில் புகுந்தது. இவ்விரண்டையும் 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் யூல், பர்னல் என்னும் இருவரும் பிரித்துக் காட்டினர். பர்னல் தஞ்சையில் நீதிபதியாக விளங்கியவர்.

சென்னையில் 80 காசு ஒரு பணம்; 42 பணம் ஒரு வராகன். கும்பெனிக் கணக்கன் ஒருவன் ஒரு வராகனைச் சில்லறையாக எழுத விரும்பின், 3360 'கேஷ்' என்று எழுதுவான். அதே ஏட்டில் கையிருப்புத் தொகையின் தலைப்பிலும் 'கேஷ்' என்றே எழுதுவான். 1818-இல் ரூபாய் நிலைநாணயமானபின், முதலில் சொன்ன கேஷ் ஏட்டை விட்டு மெல்ல அகன்றது. தலைப்பில் இருந்த கேஷ் இன்றும் வங்கிகளில் இருக்கின்றது.